கீழிருந்து வரும் குளிர்

நம் வீடுகளில் குழந்தையை முதன்முதல் தாங்கும் படுக்கை கட்டிலன்று, தூளிதான். அன்னையின் பழஞ்சேலை ஒன்றை விட்டத்தில் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி ஆட்டும் வழக்கம் செல்வர் மனையிலும் உண்டு; ஏழையர் குடிசையிலும் உண்டு. வளர்ந்த பின்னர் நாம் தூளியை மறந்துவிடுகிறோம். எனக்கோ ஐம்பது வயதைக் கடந்த பின்னர் மீண்டும் ஒரு தூளியில் படுத்துறங்கக் கற்றுக்கொள்ள வேண்டிய வாய்ப்பு நேர்ந்தது. அதுவும் நம் நாட்டில் அன்று. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காட்டில். அங்கே ஓர் இரவில் நான் செய்த பிழையையும், அதனால் ஒரு சிறுவனுக்கு நேரவிருந்த இடரையும், அதன் பின்னர் போர்வைகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கடல் கடந்து குளிர்நாடுகளில் வாழும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உடைய பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுக்கேனும் இது பயன்படக்கூடும்.

வட கரோலினா மாநிலத்தில் சில ஆண்டுகள் பங்குப் பணியாற்றும்படி நான் அனுப்பப்பட்டிருந்தேன். என் தங்கையின் குடும்பமும் அதே மாநிலத்தில்தான் வாழ்கிறது. அம்மாநிலத்தின் மேற்கெல்லை முழுவதும் மலைகள். ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெயின் மாநிலத்தில் முடிவுறும் அப்பலாச்சியன் நடைபாதை அம்மலைகளின் முதுகின்மீதே செல்கிறது. 1937ஆம் ஆண்டு முழுமை பெற்ற அப்பாதையின் நீளம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக அங்கே நடந்து, இரவைக் காட்டில் கழிப்பதை அந்நாட்டு மக்கள் பெரும் மகிழ்ச்சியாகக் கருதுகின்றனர்.

அவ்வாறு தங்குவோருள் பலர் கூடாரம் அடிப்பதில்லை. இரு மரங்களுக்கிடையே ஹேமக் என்னும் தொங்குபடுக்கையைக் கட்டி, அதற்கு மேலே மழைக்கு ஒரு தார்ப்பாயை விரித்துவிடுகின்றனர். சரிவும் கல்லும் வேர்முடிச்சும் நிறைந்த மலைத்தரையில் சமமான இடம் தேடி அலையவேண்டியதில்லை. மழைநீர் அடியில் ஓடினாலும் கவலையில்லை. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் பயன்படுத்திய படுக்கை இது. 1492ஆம் ஆண்டு அங்கு சென்ற கொலம்பஸ் இதனைக் கண்டு குறித்துவைத்தார். அம்மக்களின் சொல்லே திரிந்து ஹேமக் ஆயிற்று. ஆனால் தைனோ மக்கள் வாழ்ந்தது வெப்பத் தீவுகளில். அடியில் காற்றோட்டம் இருப்பது அவர்களுக்கு இன்பம். அதே படுக்கையைக் குளிர்மலைக்கு எடுத்துச் செல்லும்போது அவ்வின்பமே துன்பமாகிறது. இதனை நான் அறியாதிருந்தேன்.

என் பங்கில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். எழுபதை நெருங்கிய வயது. ஆயினும் மலையேறுவதில் இளைஞர்களுக்குச் சளைத்தவரல்லர். அக்டோபர் மாதத்தில் இலைகள் சிவந்து உதிரும் காட்சியைக் காண என்னையும், பதினான்கு வயது நிரம்பிய என் தங்கை மகனையும் ரோன் மலைக்கு அழைத்துச் செல்ல அவர் முன்வந்தார். தொங்குபடுக்கைகளை அவரே இரவலாகக் கொடுத்தார். "பாதர், இவற்றின் அடியில் தொங்கவிடுவதற்கு இரண்டு அடிப்போர்வைகள் மட்டும் வாங்கிவிடுங்கள். வேறெதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்" என்றார்.

கடைக்குச் சென்று விலையைப் பார்த்தேன். ஒரு போர்வைக்கு இவ்வளவு பணமா என்று மனம் கூசிற்று. அதனினும் மலிவாகத் தடித்த உறக்கப்பைகள் இரண்டு கிடைத்தன. உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்து மூடிக்கொள்ளும் பை. சுற்றிலும் போர்வை இருக்கும்போது அடியில் தனியே ஒன்று எதற்கு என்று எனக்கு நானே வாதாடி, அவற்றை வாங்கிக்கொண்டேன். மலையடிவாரத்தில் நண்பர் அவற்றைப் பார்த்துத் தயங்கினார். "இது போதும், நாங்கள் கொடைக்கானல் குளிரைக் கண்டவர்கள்" என்று நான் சிரித்தேன். ரோன் மலையின் உச்சி 6,285 அடி. அதாவது ஏறக்குறைய 1,916 மீட்டர். கொடைக்கானலைவிடச் சற்றுக் குறைந்த உயரமே. ஆனால் கொடைக்கானல் நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரி வடக்கே உள்ளது; ரோன் மலையோ 36 டிகிரி வடக்கே உள்ளது. இந்த வேறுபாட்டை என் பெருமிதம் கணக்கில் கொள்ளவில்லை.

மாலையில் அடிவாரம் இதமாகவே இருந்தது. ஏறக்குறைய 150 மீட்டர் ஏறும்தோறும் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பள்ளியில் படித்த பாடம். ஏறும்போது அது நினைவுக்கு வரவில்லை. ஸ்ப்ரூஸ் மரங்களிடையே படுக்கைகளைக் கட்டி, சூடான சூப்பைப் பருகி, எட்டரை மணிக்குப் படுத்தோம். வானம் தெளிந்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் காற்று வீசத் தொடங்கிற்று.

மார்பில் குளிரில்லை, கால்களிலும் இல்லை. முதுகிலும் இடுப்பிலும் மட்டும் யாரோ ஈரத்துணியை ஒற்றியது போலிருந்தது. புரண்டு படுத்தேன், புரண்ட பக்கம் குளிர்ந்தது. பக்கத்துப் படுக்கையிலிருந்து, "சாமி மாமா, கீழே ரொம்பக் குளிருகிறது" என்று பையன் கூப்பிட்டான். "சுருண்டு படு தம்பி, தூக்கம் வந்துவிடும்" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் கூப்பிட்டான். அதே விடையையே கொடுத்தேன். அதன் பின்னர் அவன் கூப்பிடவில்லை. உறங்கிவிட்டான் என்று எண்ணி மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு துணுக்குறுகிறது.

இரண்டு மணியளவில் நண்பர் எழுந்து விளக்கோடு வந்தார். பையன் உறங்கவில்லை. பற்கள் கிட்டித்து, உடல் முழுவதும் உதறிக்கொண்டிருந்தது. வெளியே வரச் சொன்னபோது ஜிப்பைப் பற்றி இழுக்க அவன் விரல்களால் இயலவில்லை. கேட்ட கேள்விக்குக் குழறிய விடை வந்தது. நண்பர் என்னிடம் மெல்லக் கூறினார்: "உதறுகிறான், அது நல்லது. உதறல் நின்று, பேச்சும் மங்கியிருந்தால் நிலைமை வேறு. உடல் இன்னும் போராடுகிறது."

அதன் பின்னர் நடந்ததெல்லாம் அவர் கையால் நடந்தது. வியர்வையில் நனைந்திருந்த உட்சட்டையையும் காலுறைகளையும் களைந்து உலர்ந்தவற்றை அணிவித்தார். தம்முடைய தொங்குபடுக்கையின் அடியிலிருந்த போர்வையை அவிழ்த்துப் பையனின் படுக்கைக்கு அடியில் கட்டினார். வெந்நீரில் சர்க்கரை மிகுதியாகக் கரைத்து, அவன் தெளிவாக விழுங்குகிறான் என்பதை உறுதி செய்தபின் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார், சாக்லேட்டும் கொடுத்தார். அரை மணி நேரத்தில் உதறல் தணிந்தது, பேச்சுத் தெளிந்தது, மூன்றரை மணிக்கு உண்மையாகவே உறங்கினான். அடிப்போர்வையை இழந்த நண்பரோ தம் மேற்போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு மரத்தடியில் முதுகுமூட்டையின் மேல் அமர்ந்தும், இடையிடையே எழுந்து நடந்தும் விடியும்வரை பொழுதைப் போக்கினார். நானும் அவருடன் விழித்திருந்தேன். அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. விடிந்தபோது தார்ப்பாயின் மேல் வெள்ளை உறைபனி படிந்திருந்தது.

அந்த விழிப்பில்தான் முதற்பாடம் கற்றேன். போர்வை நமக்கு வெப்பம் தருவதில்லை. நம் உடல் தரும் வெப்பத்தைக் காத்துக் கொடுக்கிறது. காப்பதும் துணியன்று, துணிக்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றே. எங்கே உடலின் எடை போர்வையை அமுக்குகிறதோ, அங்கே காற்று வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது இரண்டு மெல்லிய துணிகளே. தரையில் படுத்தால் மண்ணாவது காற்றைத் தடுக்கும். தொங்குபடுக்கையின் அடியிலோ மலைக்காற்று இரவெல்லாம் உராய்ந்துகொண்டே செல்லும். நாங்கள் வாங்கிய உறக்கப்பைகள் மார்பைக் காத்து முதுகைக் கைவிட்ட காரணம் இதுவே. அடிப்போர்வையின் சிறப்பு, அது படுக்கைக்கு உள்ளே இராமல் வெளியே, கீழே தொங்குவதுதான். நம் எடை அதன்மீது விழுவதில்லை; ஆகவே அது உப்பியபடியே இருந்து காக்கிறது.

அதனால்தான் அனுபவம் மிக்கவர்கள் உறக்கப்பையை விடுத்து இரண்டு தனிப் போர்வைகளைக் கொள்கின்றனர். மேற்போர்வைக்கு முதுகுப்புறம் கிடையாது; கால்களை நுழைக்க அடிப்பகுதியில் மட்டும் பை போன்ற அமைப்பு இருக்கும். பயனற்ற முதுகுப் பகுதியைச் சுமக்கும் பாரம் மிச்சமாகிறது. கையிலுள்ள பணம் ஒன்றுக்கே போதுமாயின் எதை முதலில் வாங்குவது? அடிப்போர்வையையே வாங்குக. மேலே போர்த்திக்கொள்ள வீட்டிலுள்ள கம்பளியும் பழைய உறக்கப்பையும் உதவும். கீழே தொங்குவதற்கு வீட்டிலுள்ள எதுவும் எளிதில் உதவாது. அதுவும் இயலாதபோது, தரையில் விரிக்கும் நுரைப்பாயை முதுகுக்கடியில் இட்டுக்கொள்ளலாம். இரவில் அது நழுவும், வியர்வையைத் தேக்கும், எனினும் உயிரைக் காக்கும்.

அடுத்தது பருவத்துக்கேற்ற தேர்வு. அங்கு விற்கப்படும் போர்வைகளில் பாரன்ஹீட் கணக்கில் 40, 20, 0 என்ற எண்களைப் பெரும்பாலும் காணலாம். நம் கணக்கில் இவை ஏறக்குறைய 4 டிகிரி, உறைநிலைக்குக் கீழே 7 டிகிரி, உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் ஆகும். முதலாவது கோடைக்கு. கோடையில் அடிப்போர்வையே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே பலருக்கு முதுகு குளிரத் தொடங்கிவிடும். இரண்டாவது இளவேனிலுக்கும் இலையுதிர் காலத்துக்கும். மூன்றாவது பனிக்காலத்துக்கு. ஒரே ஒரு சோடி மட்டும் வாங்க இயலுமாயின் நடுவிலுள்ளதே நலம். கோடையில் அதன் கயிற்றைத் தளர்த்திக் காற்றுப் புகவிடலாம். குளிர் மிகும்போது அதன்மேல் செயற்கை இழைப் போர்வை ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆயினும் அந்த எண்களை வேதவாக்காகக் கொள்ளலாகாது. உறக்கப்பைகளைச் சோதிப்பதற்குப் பன்னாட்டுத் தரமுறை ஒன்று உண்டு. அதில் இதமான வெப்பநிலை என்பது பெண் ஒருவரையும், எல்லை வெப்பநிலை என்பது ஆண் ஒருவரையும் அளவாகக் கொண்டு கணிக்கப்படுகிறது. தொங்குபடுக்கைப் போர்வைகளில் காணும் எண்களோ பெரும்பாலும் செய்பவர் தாமே கணித்தவை. ஒருவர் இதத்தைக் குறிப்பார்; மற்றொருவர் உயிர் பிழைக்கும் எல்லையைக் குறிப்பார். ஆகவே எதிர்பார்க்கும் குளிரைவிட 5, 6 டிகிரி கூடுதலாகத் தாங்கும் போர்வையைத் தேர்க என்பது என் நண்பரின் விதி. மெலிந்த உடலினரும், முதியோரும், களைத்தோரும், பசித்தோரும் பிறரைவிட விரைவில் குளிர்வர் என்பதையும் குடும்பத் தலைவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். தந்தைக்குப் போதுமான போர்வை மகனுக்குப் போதும் என்பதில்லை.

போர்வைக்குள் அடைக்கப்படுவது பெரும்பாலும் இருவகை: வாத்து அல்லது கூஸ் வாத்தின் அடிவயிற்று மென்தூவி ஒன்று; பாலியெஸ்டர் இழை மற்றொன்று. தூவியின் பெருமை நமக்குப் புதிதன்று. அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவியால் அமைந்த அணை இடப்பட்டதை நெடுநல்வாடை கூறுகிறது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்பவர் தூவி அடைத்த மேலங்கி ஒன்றைத் தாமே வடிவமைத்து அணிந்து வந்தார். அதைக் கண்டு நகைத்த தோழர்களே பின்னர் அதற்கு ஏங்கினர்.

தூவியின் தரத்தை ஓர் எண்ணால் குறிப்பர். 800 என்றால், ஓர் அவுன்சு, அதாவது 28 கிராம் தூவி, 800 கன அங்குலம், ஏறக்குறைய 13 லிட்டர் இடத்தை நிரப்பும் என்று பொருள். 600 என்றால் அதே எடை 10 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நிரப்பும். இதில் பலர் ஏமாறுகின்றனர். எண் உயர்ந்தால் போர்வை கதகதப்பாகும் என்பதில்லை. அதே கதகதப்பைக் குறைந்த எடையில் பெறலாம் என்பதே பொருள். எவ்வளவு தூவி அடைக்கப்பட்டிருக்கிறது, போர்வை எவ்வளவு தடிப்பாக உப்புகிறது என்பனவே முதலிற் கேட்கத்தக்க கேள்விகள்.

தூவியின் குறை அதன் ஈரப்பகை. நனைந்தால் களிமண் போல் ஒட்டிக்கொள்ளும், உலர நெடுநேரமாகும். செயற்கை இழை எடை மிகுந்தது, பைக்குள் அதிக இடம் கொள்வது, ஆனால் ஈரத்திலும் ஓரளவு காக்கும், விலையும் குறைவு. அடிக்கடி மழை பெய்யும் அம்மலைகளில் தொடக்க நிலையினருக்கும் சிறுவருக்கும் செயற்கை இழையே ஏற்றது என்பது என் முடிவு. தார்ப்பாயைச் செவ்வனே கட்டத் தெரிந்தபின் தூவிக்கு மாறலாம். தூவியை வாங்குவோர் உயிருள்ள பறவையிடமிருந்து பறிக்கப்படாதது என்னும் சான்று உள்ளதைக் கேட்டு வாங்குவது நன்று. 2014ஆம் ஆண்டு முதல் அதற்கெனவே ஒரு தரச்சான்று வழங்கப்படுகிறது.

எத்துணை உயர்ந்த அடிப்போர்வையும் கட்டுவதில் தவறினால் பயன்படாது. இறுக்கிக் கட்டினால் முதுகு அதனை அமுக்கிவிடும். தளர்த்திக் கட்டினால் இடைவெளியில் காற்றுப் புகும். படுத்திருப்பவரால் தம் முதுகுக்கடியைச் சோதிக்க இயலாது. ஒருவர் படுத்துக்கொள்ள, மற்றொருவர் கீழே கைவிட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். படுக்கையைத் தொட்டபடி, அதே வேளையில் உப்பலாகவும் போர்வை இருக்குமாயின் அதுவே சரியான நிலை. ஆகவேதான் இதனைத் தனியே பழகாமல் துணையோடு பழக வேண்டும் என்கிறேன். முதல் இரவை மலையில் அல்ல, வீட்டுத் தோட்டத்தில் கழித்துப் பார்க்கவேண்டும். குளிர்ந்தால் பத்தடி தொலைவில் வீடு இருக்கும்.

பாதுகாப்பதிலும் ஒரு முறை உண்டு. பயணம் முடிந்ததும் சிறு பைக்குள் அழுத்திவைத்தால் தூவி தன் உப்பலை இழந்துவிடும். பெரிய பருத்திப் பையில் தளரவிட்டு வைக்கவேண்டும். துவைத்தபின் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்துகளோடு சுழலவிட வேண்டும். பந்துகள் தட்டித்தட்டித் தூவிக் கட்டிகளைப் பிரிக்கும். முதன்முறை நான் அவ்வாறு செய்தபோது, யாரோ கதவை இடிக்கிறார்கள் என்று எண்ணி உதவிப் பங்குக்குரு மாடியிலிருந்து ஓடிவந்தார்.

மலையிலிருந்து திரும்பிய அன்று மாலை நடந்ததை மறைக்காமல் தங்கையிடம் கூறினேன். அவள் நெடுநேரம் மௌனமாயிருந்தாள். பின்னர், "அண்ணா, மார்கழியில் தூளிக்குள் பழைய கம்பளியை மடித்து அம்மா எங்கே வைப்பார்கள்? பிள்ளையின் மேலேயா, கீழேயா?" என்று கேட்டாள். கீழேதான் வைப்பார். பச்சிளங்குழந்தையின் எடைக்குக் கம்பளி அமுங்காது. அடியிலிருந்தே காத்து நிற்கும். எழுத்தறியாத எங்கள் தாய்க்குத் தெரிந்திருந்ததை, பல ஆண்டுகள் குருமடத்தில் பயின்ற நான் மறந்திருந்தேன். பிள்ளை ஒருமுறை சிணுங்கினாலே தூளிக்குள் கைவிட்டுப் பார்ப்பவர் அவர். இருமுறை கூப்பிட்ட பிள்ளையிடம் நான் எழுந்து செல்லவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் மீண்டும் மலைக்குப் போகலாம் என்று கேட்டவன் அந்தப் பையன்தான். தங்கை தயங்கினாள், பின்னர் அனுமதித்தாள். இம்முறை நால்வரின் உணவுச் செலவில் மிச்சம் பிடித்தேனே தவிரப் போர்வையில் பிடிக்கவில்லை. நண்பரும் உடன் வந்தார், மைத்துனரும் வந்தார். படுக்கைகளைக் கட்டி முடித்துப் படுத்தபின் இருட்டில் யாரோ என் அருகில் வந்து நிற்பது தெரிந்தது. முதுகுக்கடியில் ஒரு கை நீண்டு, இடுப்பிலிருந்து தோள்வரை மெல்லத் தடவிச் சென்று, தளர்ந்திருந்த ஒரு கயிற்றைச் சற்றே இழுத்துக் கட்டிற்று.

"சாமி மாமா, இப்போது கீழே குளிருகிறதா?"

"இல்லை தம்பி" என்றேன்.

"குளிர்ந்தால் கூப்பிடுங்கள். நான் எழுந்து வருவேன்" என்று கூறிவிட்டு அவன் தன் படுக்கைக்குத் திரும்பினான்.